சித்தப்பா பாஸ் செய்த குளவி

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு பொருளைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்குக் குவாலிட்டி பிரிவில் வேலை. வண்டிகளுக்குப் போகும் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, பாஸ் ஒரு டப்பாவிலும் ரிஜெக்ட் ஒரு டப்பாவிலுமாகப் போடுவார். முடியளவு கீறல் இருந்தாலும் ரிஜெக்ட்தான். அதைக் கம்பெனியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெள்ளானூர் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. தக்காளி வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்ப்பார். என் கையெழுத்தில் ‘ழ’வை மட்டும் ரிஜெக்ட் செய்து வைத்திருந்தார். சொந்தக் கல்யாண ஆல்பத்தைக்கூட விடவில்லை. அதில் சித்தி தனியாக நிற்கும் படங்கள் மட்டும்தான் பாஸ்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும், ஆவடியிலிருந்து என்னைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் விட்டுவிடுவார்கள். ராஜ உபசாரம் நடக்கும். கேட்டதெல்லாம் கிடைக்கும், கேட்காததும் கிடைக்கும். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தையில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏரியில் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை என்பது போல அதையும் ஒரு செய்தியாகத்தான் தெரிந்துவைத்திருந்தேன். நடுவில் இரண்டு முறை சித்திக்கு ‘உடம்பு சரியில்லை’ என்று அம்மா அழுதபடி ஆஸ்பத்திரிக்கு ஓடியதுண்டு. காய்ச்சலுக்கு எதற்கு இவ்வளவு அழுகை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சித்தி வாராவாரம் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்வர ஆரம்பித்தாள். நானும் கூடப் போவேன், பிரசாதத்துக்காக.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த அந்த முழுப்பரீட்சை லீவுக்குப் போனபோது வீட்டில் பெயிண்ட் அடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. கூடத்து ஜன்னல் சட்டத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. கொழுக்கட்டையைப் பிடித்து அப்பியது போல இருக்கும். பெயிண்டர் அண்ணன் கரண்டியை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போனதும் சித்தி கிட்டத்தட்ட அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

“இன்னாக்கா நீ, ஒரு கை மண்ணுக்கோசரம் செவுர மொட்டையா உட சொல்றே? தட்டி எடுத்துட்டு பட்டி பாத்தா சும்மா கண்ணாடி மாரி ஆயிடும்” என்றார் அவர்.

“அது இருக்கட்டும்ணா. சுத்தி அடிச்சிட்டுப் போ.”

பெயிண்டர் நியாயம் கேட்டு சித்தப்பாவைப் பார்த்தார். சுவரில் கொசு அளவு புள்ளி இருந்தாலும் ரிஜெக்ட் செய்கிறவர், சித்தியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, “சொல்றா இல்ல, உட்டுடு” என்றார். பெயிண்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கூட்டைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார். வெளிர் பச்சைச் சுவரில் அந்த இடம் மட்டும் பழைய மஞ்சளில் நின்றது.

காரணத்தை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. வாயில் வெற்றிலை இருந்தால் எதையும் அடித்துச் சொல்கிறவள். “ஊட்டுக்குள்ள குளவி கூடு கட்றது சும்மா இல்ல பாப்பா. புழுவக் கொண்டாந்து உள்ள வெச்சி, ங்ங்ன்னு பாடிப் பாடியே அத்த தன் புள்ளயா ஆக்கிக்கும். கூட்ட ஒட்ச்சிகினு குளவி வெளிய வந்துச்சுன்னு வெய்யி, இந்த ஊட்லயும் ஒரு புள்ள வரப்போவுதுன்னு அர்த்தம். ஒங்க சித்தி எல்லாம் அதுக்கோசரந்தான் பாத்துகினு கீறா.”

அன்று முதல் நானும் பார்த்துகினு இருந்தேன். சித்தி வேலைக்கு நடுவில் வந்து கூட்டை ஒரு பார்வை பார்ப்பாள். ஃபேனைக்கூட அந்தப் பக்கம் காற்று வேகமாக வீசாதபடி குறைத்து வைப்பாள். தாய்க்குளவியை மட்டும் காணவே காணோம். பிள்ளையை அடைத்துவைத்துவிட்டு எங்கே ஊர் சுற்றுகிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து உப்புமாவில் கடுகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூட்டிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு பழுப்பு மூக்கு வெளியே நீண்டது. மூக்கு என்று நான் நினைத்தது முழு உடம்பு. பாதி வெளியே வந்து நின்று, முதுகுப்பக்கம் வெடித்து, அதற்குள்ளிருந்து ஈரமாக ஒன்று நகர்ந்து வந்து சுவரில் உட்கார்ந்தது.

“சித்தப்பா! வந்துடுச்சு!” என்று கத்தினேன்.

பேப்பரைப் போட்டுவிட்டு வந்தார். பர்ஸில் எப்போதும் இருக்கும் மடக்கு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தார். அது ஓடவில்லை, சிறகு காய்வதற்காக அசையாமல் இருந்தது. சித்தப்பாவுக்குக் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது போலும், முணுமுணுவென்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். உடம்பு கறுப்பு, குட்டை. இடுப்பே கிடையாது. தலை முக்கால்வாசி கண். மீசை ரொம்பச் சின்னது, இருக்கிறதா என்றே சந்தேகம். சிறகை முதுகில் மடிக்காமல் ரெண்டு பக்கமும் ஏரோப்ளேன் மாதிரி விரித்து வைத்திருக்கிறது. சிறகில் உடம்பு ஒட்டிய பாதி மை கொட்டினது போலக் கறுப்பு, மறு பாதி கண்ணாடி. வால் நுனியில் வெள்ளையாக மினுக்கு. கொடுக்கு இல்லை.

“ரெக்க ரெண்டே ரெண்டு” என்று லென்ஸை எடுக்காமலே சொன்னார். “பின்னாடி ரெக்க இருக்க வேண்டிய எடத்துல குண்டூசித் தல மாரி ஒண்ணு கீது, அவ்ளோதான். பாப்பா, இது குளவி இல்ல. ஏதோ ஈ.”

ஈக்கு இரண்டு சிறகு, குளவிக்கு நான்கு என்று அந்த வருடம்தான் நானும் படித்திருந்தேன். சித்தப்பாவும் புத்தகமும் ஒன்றையே சொன்னதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. “சித்தி, வந்துடுச்சு!” என்று இன்னொரு தரம் கத்தினேன். அப்போது பின்பக்கத்திலிருந்து காலடிச் சத்தம். என் கத்தல் கேட்டு சித்தி ஓடிவந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியபடி, இரண்டு கையிலும் சோப்பு நுரை சொட்டச் சொட்ட, வாசற்படியில் வழுக்கி, கதவைப் பிடித்து நின்றாள்.

“வந்துடுச்சா? இன்னா வந்துச்சு?”

சித்தப்பா லென்ஸை மடக்கினார். “குளவி” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சித்தப்பா, ரெண்டு ரெக்கதான் கீதுன்னு நீதானே சொன்னே?”

“மீதி ரெண்டு நாளைக்கு மொளைக்கும்.”

“இடுப்பே இல்ல!”

“உள்ளயே நல்லா துன்னுட்டு வந்திருக்கு. ஒங்க அப்பனுக்கு இடுப்பு எங்க கீது சொல்லு?”

“கொடுக்கு?”

“பச்சப்புள்ள பாப்பா அது. வந்த உடனே கொட்டுமா?”

கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன்கூட இவ்வளவு வேகமாகப் புளுகமாட்டான். அதுவரை ஒரு தக்காளிக்காகக்கூட அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. காதெல்லாம் சிவந்துபோய் நின்றார். சித்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரிடமிருந்து லென்ஸை வாங்கினாள். அவர் கொடுக்கத் தயங்கியதை நான் பார்த்தேன். சுவரோடு சுவராகக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். சரி, இப்போது உண்மை வெளிவந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அதற்குள் சிறகு காய்ந்து அது கிளம்பியது. ஒரு நொடி எங்கள் முகத்துக்கு நேரே அந்தரத்தில் ஆடாமல் நின்று, சட்டென்று ஜன்னல் கம்பிக்கு வெளியே போய்விட்டது.

சித்தி நிமிர்ந்தாள். “குளவிதான் பாப்பா” என்றாள். “நல்லா அழகா கீது.”

வயதில் பெரியவர்கள் இரண்டு பேர், கையில் லென்ஸ் வேறு, இரண்டு பேருக்கும் எண்ணத் தெரியவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. செல்போனில் பூச்சிப் படம் போடுகிறவர்களின் குழு ஒன்றில் இருக்கிறேன். அங்கே ஒருவர் அதே பூச்சியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். தேனீயைப் போலவும் குளவியைப் போலவும் வேஷம் போட்டுத் திரியும் ஈ வகையாம். அதில் ஒரே இனத்துக்குள்ளும் கிளையினம் பிரிக்கிறார்கள். சிறகின் கறுப்பு எந்த நரம்போடு நிற்கிறது, வால் வெள்ளை எவ்வளவு அகலம், நெற்றி முடி என்ன நிறம் என்று நாள்கணக்கில் சண்டை போடுகிறார்கள். சித்தப்பா இருக்கவேண்டிய இடம். அவர்கள் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. தாய் ஈ, குளவிக்கூட்டுக்கு எதிரே அந்தரத்தில் நின்றபடியே முட்டையைச் சுண்டிவிட்டுப் போய்விடுமாம். அதிலிருந்து வரும் புழு, கூட்டுக்குள் இருக்கும் குளவியின் பிள்ளையைத் தின்று வளருமாம். நல்லவேளை, அன்று எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியாது. நான் இதுவரை அவர்களிடம் சொல்லவுமில்லை.

அந்த வருடம் அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்குப் பிறகும் பிறக்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயில் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து இரண்டு பேரும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க, மீதி ரெண்டு ரெக்க நாளைக்கு எத்தினி மணிக்கு மொளைக்கும்?” என்றாள் சித்தி.

சித்தப்பா சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“நீ ஓடியாந்த பாரு” என்றார் சித்தப்பா. “அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்டி சொல்றது? வரல எனக்கு.”

“நீ காதெல்லாம் செவந்து போயி, அந்தப் புள்ளகிட்ட அவ்ளோ பொய் சொல்லிகினு நிக்கிறே. அத்தப் பாத்துட்டு நான் மட்டும் எப்டி இல்லன்னு சொல்றது?”

இவ்வளவையும் கேட்ட பிறகும் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுதிப்பட்டது. இரண்டு பேருக்கும் இரண்டு சிறகு தெரிந்திருக்கிறது, இரண்டு பேரும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் இதற்கு முட்டி போடவைப்பார்கள். பொறுக்கமுடியாமல் எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்று, டீச்சர் குரலில் சொன்னேன்:

“ரெண்டு பேருமே ரிஜெக்ட்!”

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் சித்தி. சித்தி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முகத்தை என் தலைமுடிக்குள் வைத்துச் சிரித்தாள். அவள் உடம்பு குலுங்கியது. வகிடெல்லாம் ஈரமாயிற்று. சித்தப்பா வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் அவர்களால் நிறுத்தமுடியவில்லை. அவ்வளவு நல்ல ஜோக்கை நான் அதற்குமுன் சொன்னதில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு தடவையும் சொன்னேன்.