நிம்மகாய்க்கு எதுக்கு சீசா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. திருப்பதியில் ஒரு டாக்டரம்மா முன்னால் நானும் எங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் பி.பி. மிஷின் பட்டையைச் சுற்றியிருந்தார்கள். டாக்டரம்மா ஒரு தடவை பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். முகம் சரியில்லை.

"உப்பு தக்கிஞ்சாரா, சாமுவேல் காரு?" என்று கேட்டார். உப்பைக் குறைத்தீர்களா என்று கேள்வி.

"தக்கிஞ்சானு மேடம்."

"நிம்மகாய வாடுதுன்னாரா?" எலுமிச்சை சேர்த்துக்கொள்கிறீர்களா?

எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி சொன்னார்: "ரெண்டு சீசாலு அயிப்போயாயி மேடம்." இரண்டு சீசா காலியாகிவிட்டதாம்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "நிம்மகாயக்கி சீசா எந்துக்கண்டி?"

எலுமிச்சம்பழத்துக்கு எதுக்குங்க சீசா... நியாயமான கேள்விதானே? எலுமிச்சையின் நன்மைகளைப் பற்றி எழுதுங்கள் என்று நீங்கள் பல பேர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் முதலில் இந்த சீசாக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் எலுமிச்சையைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது.

எங்கள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சித்தூர்–திருப்பதி ரூட். புத்தலப்பட்டு, பாகாலா வழியில் எந்த வளைவில் எந்தப் பள்ளம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இந்த வருஷம் மெடிக்கல் செக்கப்பில் பி.பி. எகிறியிருந்தது. அது இறங்கி, டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடியும் ஸ்டியரிங் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் டிப்போ வாசலில் உட்கார்ந்து, வண்டி போகிற நேரம் வருகிற நேரம் எழுதுகிற வேலை.

வேலை என்னவோ சுலபம்தான். மனுஷன்தான் பாதியாகிவிட்டார்.

"கண்டவன்லாம் ஓட்டிக்கினு போறான். நான் குந்திக்கினு டைம் எழுதிக்கினு கீறேன்" என்பார். பஸ்ஸில் பயணியாகப் போனாலும் நிம்மதியில்லை. யாரோ ஒரு டிரைவர் வேகமாக வளைவெடுத்தால், இவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முதல் தடவை டாக்டரிடம் தனியாகத்தான் போனார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உப்பு தக்கிஞ்சண்டி, நிம்மகாய வாடண்டி" என்று சொல்லியிருக்கிறார்கள். அருமையான யோசனை. சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் நாக்கு சண்டைக்கு வரும். அந்த இடத்தில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் நாக்கு சமாதானமாகிவிடும்.

ஆனால் எங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு. மார்க்கெட்டில் வாங்கும்போது அது எலுமிச்சம்பழம். சுத்தத் தமிழ். அதே பழம் உப்பிலும் மிளகாய்ப்பொடியிலும் ஊறி, சோற்றுத் தட்டுக்கு வரும்போது அதற்குப் பெயர் நிம்மகாய்! பழம் தமிழ், ஊறுகாய் தெலுங்கு. "கொஞ்சம் நிம்மகாய் போடு" என்று தட்டை நீட்டினால், எங்கள் வீட்டில் யாரும் பழத்தைத் தேடிப் போக மாட்டார்கள். நேரே சீசாவுக்குத்தான் போவார்கள்.

இவரும் நேரே சீசாவுக்குப் போனார்.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "ஊறுகாயில உப்பு இல்லியா?" என்று கேட்டேன்.

"அது ஊறிப்போன உப்புமே. புது உப்புதான் கெடுதல். டாக்டரம்மாக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

இந்த விஞ்ஞானத்தை யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த ஊறுகாயைப் போட்டதே நான்தான். எத்தனை கை கல்லுப்பு அள்ளிப் போட்டேன் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும், பெரிய டாக்டர் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். குழம்பில் மட்டும் வீராவேசமாக உப்பைக் குறைத்தேன். "நைனாக்கு பி.பி.ன்னா எங்களுக்கு ஏம்மா இந்தத் தண்டனை?" என்று மகள் தினமும் கேட்டாள். அவளுடைய நைனா ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மூன்று வேளையும் தட்டோரத்தில் நிம்மகாய்.

இதில் சபையின் பங்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவருக்காக ஜெபிக்கச் சொல்லியிருந்தேன். டாக்டர் நிம்மகாய் சாப்பிடச் சொன்ன சேதி எப்படியோ பரவிவிட்டது. அடுத்த வாரமே பாகாலாவிலிருந்து வருகிற ஒரு சகோதரி, "அண்ணனுக்கு" என்று ஒரு சீசா நிறைய ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். பி.பி. இறங்க வேண்டும் என்று ஜெபம் ஒரு பக்கம், அதை ஏற்றுவதற்கு ஊறுகாய் இன்னொரு பக்கம். பரலோகத்தில் குழம்பியிருப்பார்கள்.

சரி, டாக்டரம்மாவிடம் வருவோம். விஷயம் புரிந்ததும் கோபிப்பார்கள் என்று பயந்தேன். அவர்களோ நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "நாதே தப்பண்டி" என்றார்கள். தப்பு என்னுடையதுதான், எங்கள் வீட்டிலும் நிம்மகாய என்றால் ஊறுகாய்தான், எனக்கு அது தோன்றாமல் போய்விட்டது என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு டாக்டர் தன் பேரில் தப்பைப் போட்டுக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாத்திரையை மாற்றவில்லை. மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அப்போதும் இறங்காவிட்டால் கையெழுத்தைப் பற்றி யோசிக்கவே முடியாது என்றும் சொன்னார்கள். "ஊரகாய வத்து. நிம்ம ரசம் வாடண்டி." ஊறுகாய் வேண்டாம், நிம்ம ரசம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம். படி இறங்கும்போது எங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் தெம்பாகப் பேசினார்.

"வூட்டுக்குப் போனதும் ரசம் வெச்சிடுமே. பூண்டு தட்டிப் போடு."

"இன்னா ரசம்?"

"இப்போதானே சொன்னாங்க? நிம்ம ரசம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். தெலுங்கில் ரசம் என்றால் சாறு. பிழிகிற சாறு. நாம் கொதிக்க வைக்கிற ரசத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வேறு. இது இவருக்குத் தெரியாதா? நாள் முழுக்கத் தெலுங்கில் பேசி, தெலுங்கில் சண்டை போட்டு, தெலுங்கில் டிராஃபிக்கைத் திட்டுகிற மனுஷன். ஊறுகாய் கிடைக்கிற இடத்தில் தெலுங்குக் காது. ரசம் கிடைக்கிற இடத்தில் தமிழ்க் காது. எந்தப் பாஷையில் ருசி இருக்கிறதோ அந்தப் பாஷையில் கேட்கிறது!

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். டாக்டரம்மா இந்த முறை பேசவே இல்லை. ஒரு கையை முன்னால் நீட்டி, விரல்களை இறுக்கி, பிழிந்து காட்டினார்கள். பாஷையே தேவைப்படாத பதில்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததுதான் நீங்கள் கேட்ட விஷயம். எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது. அது சூடு தாங்காது. அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, கொஞ்சம் ஆறிய பிறகு பிழிய வேண்டும். முருங்கைக்கீரை, பருப்பு, சுண்டலில் பிழிந்தால் அதிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். சில வகைச் சிறுநீரகக் கல் வராமல் இருக்கவும் அந்தப் புளிப்பு உதவுகிறது என்கிறார்கள். காலையில் வெந்நீரில் பிழிந்து குடித்தால் கொழுப்பு கரைந்து ஓடிவிடுமா? ஓடாது. தண்ணீர் குடித்த புண்ணியம் மட்டும் நிச்சயம். வயிற்றெரிச்சல் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். குடித்தவர்கள் வாயைக் கொப்பளித்துவிடுங்கள், பல்லுக்கு நல்லது. கடையில் குடிக்கிற ஜூஸில் சர்க்கரையும் உப்பும்தான் அதிகம் — அதை எலுமிச்சைக் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை பி.பி.யை இறக்குகிற மருந்து இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழத்தைப் பிழிந்துகொண்டு உட்காராதீர்கள். உப்பு இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட வைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய வேலை தெரியுமா?

முதல் வாரம் தட்டைப் பார்த்தாலே பெருமூச்சு. "இத மனுசன் துன்னுவானா?" என்று ஒரு கேள்வி. மூன்றாவதாகத் திறந்திருந்த, பாகாலா சகோதரி தந்த சீசாவின் அடியில் மிச்சம் இருந்ததை நானே எடுத்துக் கொட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது வாரம் பேச்சு குறைந்தது. மூன்றாவது வாரம், பீன்ஸ் பொரியலைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு உப்பு சரியாக் கீது" என்றார். நான் அன்றைக்கு உப்பே போடவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் மோர் ஊற்றினேன்.

மறுபடியும் திருப்பதி. மறுபடியும் பட்டை. நான் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா ஒரு தடவை பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். பேப்பரை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பேப்பரை வாங்கி மடிக்கக்கூட இல்லை. கசங்கிவிடும் என்று பஸ்ஸில் சித்தூர் வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

போன வியாழக்கிழமை புத்தலப்பட்டில் ஒரு கல்யாணம். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் முன்னால் போன ஒரு வண்டியை விட்டுவிட்டு, அவருடைய வண்டிக்காகவே காத்திருந்தேன். வந்தது. காக்கிச் சட்டையில், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பழைய மனுஷன். படியில் கால் வைத்தவள் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பார்வை பக்கவாட்டுக் கண்ணாடியில் இருந்தது.

"படில நிக்காதீங்கம்மா. உள்ள போங்க. பின்னால ஜனங்க ஏற வேணாமா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்!