கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் குடும்பத்தில் முத்திரை என்று பெயர். எனக்கு முத்திரை அத்தான். ஃபேன் வாங்கினாலும் குக்கர் வாங்கினாலும் அவரைக் கேட்காமல் எங்களில் யாரும் கடைப்படி ஏறமாட்டோம். அவர் 'வாங்கலாம்' என்று சொல்லிவிட்டால் முத்திரை குத்தியாயிற்று, அதற்கு மேல் பேச்சு கிடையாது. நான் கட்டிக்கொள்ள இருந்தவரைக்கூட அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, "சத்தம் கம்மி. சீக்கிரம் கெட்டுப்போகாது" என்று என்னிடம் வந்து சொன்னார். என் வீட்டுக்காரர் அதை ஒரு பட்டம் மாதிரி இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அத்தானுக்கு எடைமேடையில் வேலை. ஊருக்கு வெளியே பெரிய சாலையோரம், லாரிகள் சுமையோடு ஏறி நின்று எடை பார்த்துக்கொண்டு போகிற இடம். பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் மேஜை, கம்ப்யூட்டர், சீட்டு அச்சடிக்கிற மெஷின், ஒரு கால் குட்டையான நாற்காலி, அந்த நாற்காலியில் அத்தான். எடை கூடிவிட்டது என்று டிரைவர்கள் எகிறுவார்கள், அப்புறம் குழைவார்கள். அத்தான் மசியமாட்டார். "மேடை சொல்றதைத்தான் நான் சொல்றேன்" என்பார். அவர் கொடுத்த சீட்டை இன்னொரு இடத்தில் கொண்டுபோய்ச் சரிபார்த்தவர் கிடையாது. அந்தக் கெத்து வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு இறங்காது.

எதை வாங்குவதானாலும், அதை ஏற்கெனவே வாங்கினவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கடையின் இணையப் பக்கத்தில் தேடிப் படிப்பார். அதிலும் புகழ்ந்து எழுதினதைச் சீந்தமாட்டார். "திட்டினவன் என்ன சொல்றான்னு முதல்ல பாரு. பாராட்டுறவன் வாங்கின சந்தோஷத்துல எழுதுறான். திட்டுறவன் அனுபவிச்சுட்டு எழுதுறான்" என்பார். நல்ல பேச்சுதான். அந்தப் பேச்சை அவரே காற்றில் பறக்கவிட்டார், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஐந்து சிடி போடுகிற பிளேயர் ஒன்று மலிவாக வந்திருந்தது. உள்ளே பெரிய வட்டத் தட்டு, அதில் ஐந்து குழி. ஒரு சிடி முடிந்ததும் தட்டு தானாகச் சுழன்று அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆள் எழுந்துபோக வேண்டியதில்லை. புதுச் சரக்கு என்பதால் அதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. வேறு பொருளாக இருந்தால் அத்தான் பொறுத்திருப்பார். அந்த விலையும் அந்த ஐந்து குழியும் சேர்ந்து அவர் புத்தியை மறைத்துவிட்டன. வாங்கிவந்த அன்று சாயங்காலம் முழுக்க முதல் குழியில் இருந்த சிடியையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சொக்கிப்போனார். மறுநாள் காலையில் எடைமேடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஐந்து நட்சத்திரம் போட்டு, முதல் ஆளாகக் கருத்து எழுதினார். தலைப்பு: 'கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.' அந்தத் தட்டு அதுவரை ஒரு சுற்று முழுதாகச் சுற்றியிருக்கவில்லை.

அத்தான் சொன்ன பிறகு அப்பீல் ஏது? நாங்கள் வாங்கினோம், அத்தானின் தங்கை வாங்கினாள், என் தம்பி வாங்கினான், சித்தப்பா வீட்டில் வாங்கினார்கள். "வாங்கினவங்க ஆளுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று அத்தான் போன் போட்டுச் சொன்னார். நாங்களும் போட்டோம். 'அருமை' என்று நான் எழுதினேன். அந்தப் பக்கத்தில் இருந்த பாராட்டெல்லாம் ஒரே குடும்பத்துப் பாராட்டு. நடுவில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர், தட்டு சிக்கிக்கொள்கிறது என்று புலம்பியிருந்தார். அவருக்குக் கீழே அத்தான், 'உபயோகிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. சமமான இடத்தில் வைத்துப் பார்க்கவும்' என்று பாடம் நடத்தியிருந்தார்.

எங்கள் வீட்டில் அது சமமான இடத்தில்தான் இருந்தது. மாதம் திரும்புவதற்குள் மூன்றாவது குழிக்கு வந்ததும் கர்ர்ர் என்று உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. ரிமோட்டை அமுக்கினால் காது கேட்காத மாதிரி இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் உறுமல் நிற்கும். அப்புறம் சிடியை வெளியே எடுத்துப் பார்த்தால் வளையமாக ஒரு கீறல். நான்தான் ஏதோ ஏடாகூடமாகச் செய்துவிட்டேன் என்று பேசாமல் இருந்தேன். ஒருநாள் அத்தானின் தங்கை என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு குரலை இறக்கி, "ஏன்டி, உன் பொட்டி ஒழுங்கா ஓடுதா?" என்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

அத்தானிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கிற தைரியம் எங்களில் யாருக்கும் கிடையாது. அவர் வருகிறார் என்று தெரிந்தால் அலமாரி மேலிருந்து பிளேயரை இறக்கித் தூசி தட்டி வைப்போம். முதல் குழியும் ஓடாமல் போன பிறகு என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிளேயருக்குப் பின்னால் சின்ன ரேடியோ ஒன்றை மறைத்துவைத்து, அதில் பாட்டுப் போட்டுவிடுவார். அத்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு, "பாத்தியா, என்ன தெளிவு!" என்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவர் வீட்டுப் பெட்டியும் எப்போதோ படுத்துவிட்டிருந்தது. அதை அக்கா எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்காத குறை.

இப்படியே போயிருந்தால் எங்கள் வீட்டுக் கூத்தாக முடிந்திருக்கும். எடைமேடைக்கு வாடிக்கையாக வருகிற ஒரு லாரி டிரைவர் அத்தானிடம் யோசனை கேட்டார். அவர் மனைவி முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தாள். காலையில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து முகம் துடைத்து, சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள். அதன் பிறகு புருஷன் லாரியை விட்டுவிட்டு வரும்வரை அவள் தனியாகக் கிடக்க வேண்டும்.

"பாட்டுன்னா அவளுக்கு உசிரு அண்ணே. ஆனா ஒரு சிடி முடிஞ்சா எந்திரிச்சு மாத்த முடியாது. அஞ்சு சிடி போடுற பொட்டி ஒண்ணு இருக்காமே, வாங்கலாமா?"

அன்றைக்கே அத்தானுக்குத் தெரியும், அது உருப்படாத பெட்டி என்று. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவருக்கு வாய் வரவில்லை. இந்த ஆளிடம் வேண்டாம் என்றால், எழுதி வைத்ததற்கு என்ன பதில்? வீடு வீடாக வாங்க வைத்ததற்கு என்ன பதில்? கம்ப்யூட்டரைத் திருப்பிக் கண்ணாடிப் பக்கம் காட்டி, "நான் என்னத்தைச் சொல்றது? வாங்கினவங்க, எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் எழுதியிருக்காங்க, நீங்களே படிங்க" என்றாராம். டிரைவர் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று, எங்கள் குடும்பத்துப் புளுகை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

அதற்குப் பிறகு அந்த லாரி மேடை ஏறும்போதெல்லாம் அத்தான் சீட்டை நீட்டிவிட்டுக் குனிந்துகொள்வார். ஒருநாள் டிரைவர் தானாகவே பேச்செடுத்தார்.

"பொட்டியைக் கெடுத்து வெச்சுட்டா அண்ணே. ரிமோட்டைக் கண்டபடி அமுக்கியிருக்கா. நேத்து நான் வீட்டுக்குப் போறப்ப அது கர்ருன்னு கத்திக்கிட்டிருக்கு. காலையில புடிச்சதாம், சாயங்காலம் வரைக்கும் நிக்கல. இவளால எந்திரிச்சு நிறுத்த முடியல, காதைப் பொத்திக்கிட்டுக் கிடக்குறா. கேட்டா, நான் ஒண்ணும் பண்ணலன்னு அழுவுறா. உங்க எல்லாருக்கும் நல்லா ஓடுது, நம்ம வீட்டுல மட்டும் எப்படிக் கெடும்? நல்லா சத்தம் போட்டுட்டேன்."

அத்தான் எடைச் சீட்டை நீட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். அந்த வாரம் முழுக்க அவர் ஆளாகவே இல்லை என்று அக்கா சொன்னாள். ஒரே லாரியை இரண்டாவது தடவையும் மேடையில் ஏற்றச் சொல்லி எடை பார்த்தாராம். சாப்பாட்டுத் தட்டில் போட்டது போட்டபடி எழுந்துவிடுவாராம்.

அப்புறம் ஒரு சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து பிளேயரை இறக்கிவைத்து, பின்னால் கையைவிட்டு ரேடியோவையும் முடுக்கிவிட்டார். அத்தான் உட்காரவில்லை. நேராகப் போனார், பிளேயருக்குப் பின்னால் கையைவிட்டார், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை வெளியே எடுத்து அணைத்தார்.

"எத்தனை நாளா இது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வீட்டுக்காரர் தன் பட்டத்துக்கு ஏற்றபடி சத்தமே காட்டவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?" என்றேன்.

"நீங்க எங்க வீட்டுக்கு வர்றப்ப நானும் பொட்டிக்குப் பின்னால டேப் ரெக்கார்டர் வெச்சிருந்தேன்" என்றார்.

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து டிரைவர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அதன் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"படுத்துக் கிடக்குற பொண்ணு, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குது. எதுக்கு? என் பேரு கெட்டுடக் கூடாதுன்னு. எனக்கே என்னைப் பாத்தா அசிங்கமா இருக்கு."

"எழுதினதை எடுத்துடலாமே?"

"காலையிலயே எடுத்துட்டேன். எடுத்துட்டா அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? நேர்ல போய்ச் சொல்லணும். தனியாப் போக கால் வரமாட்டேங்குது. நீ வர்றியா?"

'அருமை' என்று எழுதின கை என் கை. எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? மறுநாள் புறப்படும்போது, எங்கள் ரேடியோவை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமே என்றேன். அத்தான் வேண்டாம் என்றார். "அதை அப்புறம் கொண்டுபோய்க் கொடு. இன்னைக்குக் கையில எதையாவது கொண்டுபோனா, அதைப் பாத்துட்டு என்னை விட்டுடுவாங்க" என்றார்.

வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளில் ஒன்று. அன்று டிரைவருக்கு லீவு. எடைமேடைக்காரர் தன் வீடு தேடி வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போட ஓடினார். ஜன்னலை ஒட்டிக் கட்டில். தலைமாட்டில் உறிஞ்சு குழாய் போட்ட தண்ணீர் பாட்டில். ரிமோட் கீழே விழுந்துவிடாமல் இருக்க, கட்டில் சட்டத்தில் ஒரு கயிற்றால் கட்டியிருந்தது. அந்தப் பெண் மெத்தைமேல் சிடிகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் எனக்குப் பழக்கமான அந்த வளையக் கீறல்.

"வாங்கண்ணா" என்றாள். "நீங்க எழுதினதையெல்லாம் இவரு எனக்குச் சொன்னாரு. உங்க வீட்டுல எல்லாருக்கும் எவ்வளவு நல்லா ஓடுது. நான்தான் இதைப் பாழாக்கிட்டேன். தொடைச்சா சரியாகுமா அண்ணா?"

அத்தான் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். டிரைவர் டீயோடு வரும்வரை காத்திருந்தார். டம்ளரை வாங்கவில்லை.

"எங்க வீட்டுல ஓடலம்மா" என்றார். "இவ வீட்டுல ஓடல. யார் வீட்டுலயும் ஓடல. முதல் நாள் அவசரப்பட்டு எழுதிட்டேன். உங்க வீட்டுக்காரர் வந்து கேட்டப்ப அது கெட்ட பொட்டின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே வாங்க வெச்சேன். என் கௌரவத்துக்காகச் செஞ்சேன். உன் மேல தப்பே இல்ல."

டிரைவர் டம்ளரோடு அப்படியே நின்றார். அவர் எகிறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அத்தானைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார், பார்த்த வேகத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அந்த அறையில் அப்போது நாங்கள் மூன்று பேருமே தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை போலிருக்கிறது. துணி கையிலேயே இருந்தது. பிறகு, "அப்போ நான் கெடுக்கலையா?" என்றாள்.

"இல்லம்மா."

"கேட்டீங்களா?" என்று புருஷனிடம் சொன்னாள். "நான் கெடுக்கல! படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?" அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. எங்களைத் திட்டவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அவள் திட்டியிருந்தால், கையில் இருந்த சிடியை எங்கள் முகத்தில் விட்டெறிந்திருந்தால், எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, படுத்த வாக்கிலேயே முடிந்தமட்டும் குரல் கொடுத்தாள்.

"அக்கா! பக்கத்து வீட்டக்கா! பொட்டியே கோளாறு பொட்டியாம்! நான் கெடுக்கலையாம்! நல்லா இருக்குன்னு எழுதினவரே வந்து சொல்றாரு!"

வெளியே துணி அலசும் சத்தம் நின்றது. "என்னாது? பொய்யா எழுதிவெச்சவரா? யாருடி அது?" என்று ஒரு குரல் கேட்டது. இன்னும் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது.

நான் அத்தானின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன், வாசல் வழியாகப் போய்விடலாம் என்று. அவர் என் கையை எடுத்துவிட்டார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே இருந்தவர்களுக்கு முகம் தெரியும்படி நின்றார்.

"நான்தாங்க" என்றார்.