போனில் கதை சொன்ன ஆளை நான் நம்பவில்லை

பிள்ளைகளே, நான் அலுவிகாரை என்ற ஊரில் ஒரு மிளகுக் கடையில் வேலை செய்கிறேன். மூட்டை வந்தால் மேலே இருப்பதைப் பார்த்து எடை போட மாட்டேன். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பேன். மேலே நல்ல மிளகும் அடியில் மிளகு போலவே இருக்கும் பப்பாசி விதையுமாகக் கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ரொம்ப இனிமையாகப் பேசுவார்கள். அதனால் இனிமையான குரல் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

போன வருஷம் அப்படி ஒரு குரல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மகளின் வகுப்பு டீச்சர் வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்புத்தகம் அனுப்பியிருந்தார். மேக நாட்டில் ஒளித்து வைத்த மழையைத் தேடி, பறக்கும் ஆட்டில் ஏறிப் போகும் ஒரு சிறுமியின் கதை. அந்தப் புத்தகம் எங்களிடமே இருந்தது. எத்தனையோ தடவை நான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன் நான். தடுக்கித் தடுக்கித்தான் வாசிப்பேன்.

போனில் இருந்த ஆள் தடுக்கவே இல்லை. ஆட்டுக்கு மூக்கடைத்த குரல், மேக ராணிக்குத் தொண்டை கட்டிய குரல், சிறுமிக்கு மூச்சு வாங்கும் குரல். ஆடு ஒரு வார்த்தை பேசியதும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வாசித்தபோது அந்த இடத்தில் அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

முகம் தெரியாத ஒருவன் அடுத்தவன் பிள்ளையிடம் ஏன் இவ்வளவு குழைய வேண்டும்? கதையில் பாதியை விழுங்கிவிட்டுக் குரலால் மூடுகிறானோ? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகள் கேட்கத் தொடங்கியதும், நானும் புத்தகத்தை மடியில் விரித்து, அவன் சொல்வதை வரி வரியாகச் சரிபார்க்க உட்கார்ந்தேன்.

மனைவி தேங்காய் துருவிக்கொண்டே, "அது என்னங்க மிளகு மூட்டையா, கைய விட்டுக் கிளறிப் பாக்க?" என்றாள்.

மூன்று அத்தியாயங்கள் போயின. ஒரு சொல்லும் குறையவில்லை. புத்தகத்தில் இல்லாத பெருமூச்சு ஒன்று மட்டும் அதிகமாக இருந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

நாலாவது அத்தியாயத்தில் குரல் தாழ்ந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அங்கே, மழைக் குடத்தைச் சிறுமியிடம் கொடுத்துவிட்டு ஆடு இறந்துபோகிறது. போதும், சார்ஜ் போய்விடும் என்று சொல்லிப் போனை எடுக்கப் பார்த்தேன். மகள் விடவில்லை. ஆடு செத்தது.

அவள் போனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஆளு பொய் சொல்றாரு அப்பா. ஆடு வீட்டுக்குத்தானே வந்துச்சு? நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தக் குரல் எங்கள் வீட்டை விட்டே போய்விடும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னை நம்பி அவள் இன்னொருவரைப் பொய்யர் ஆக்கியதைத் தாங்க முடியவில்லை.

"அவரு சரியாத்தான் சொல்றாரும்மா. நான்தான் மாத்துனேன்."

முதன்முதலில் அந்தப் பக்கத்தை நான் வாசித்தது ஆஸ்பத்திரியில். அவளுக்கு டெங்குக் காய்ச்சல், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அப்படிப் படுத்திருக்கும் பிள்ளையிடம் ஆடு செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆடு வீட்டுக்கு வந்துவிட்டது என்றேன். பிறகு சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் கதை ஆகிவிட்டது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

அவள் அந்த இடத்தை மறுபடி போட்டாள். நானும் கேட்டேன். அந்த ஆள் அழவைக்கப் பார்க்கவில்லை. வேடக் குரல்களை எல்லாம் விட்டுவிட்டு, தன் சொந்தக் குரலில் மெல்லச் சொல்லி முடித்தார்.

"வேற எதெல்லாம் மாத்துனீங்க?" என்று கேட்டாள்.

கஷ்டமான சொற்கள் வந்த இடங்களையும் தாண்டியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புதுப் புத்தகம் கொண்டுவந்தாள். போனில் இருக்கிறதா என்று தேடுவாள் என நினைத்தேன். என்னிடம்தான் நீட்டினாள். ஆனால் வழக்கம்போல் பக்கத்தில் ஒட்டி உட்காரவில்லை. எதிரே, என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு நீண்ட சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

"தாண்டாதீங்க அப்பா."

எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தேன்.