யூரியாவுக்கு டானிக், கணக்குக்கு ஒரு பெட்டி சிடி

உரக்கடையில் பில் போடுகிறவர்களுக்குத் தெரியும்: மேட்டூரில் தண்ணீர் திறக்காவிட்டாலும் திட்டு நமக்குத்தான், திறந்து யூரியா தீர்ந்துபோனாலும் திட்டு நமக்குத்தான். காவிரி வராத அந்த வருஷங்களில் திருக்காட்டுப்பள்ளியில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்சி மாறினால் தண்ணீர் வரும் என்றார்கள். ஆட்சி மாறியது, குறுவை மறுபடியும் போனது. தலை நரைக்கிற வயதில் கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பி அவதிப்பட்ட சக பாவிகளே, இதைப் படித்துவிட்டாவது கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

நாற்காலிக்கு வந்த ஆபத்து

வியாபாரம் படுத்தால் எங்கள் முதலாளிக்கு யோசனைகள் வரும். சம்பாவிலிருந்து கடைக்கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில்தான் என்று ஒருநாள் காலையில் அறிவித்தார். நான் கற்றுக்கொண்டால் நான், இல்லாவிட்டால் தஞ்சாவூரிலிருந்து வேறு ஆள் என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உட்கார்ந்திருக்கிற நாற்காலி அது. பூச்சிமருந்து வாடையில் மூக்கே மரத்துவிட்டது. அதற்கு இந்த மரியாதை.

தஞ்சாவூர் போய்ப் படிக்கலாமென்றால், நான் கடையை விட்டு இறங்குகிற நேரத்தில் அங்கே வகுப்பு முடிந்திருக்கும். வீட்டிலிருந்தே தானாகப் படிக்கிற படிப்பாகத்தான் தேட வேண்டும். படித்துவிட்டால் இந்தக் கடை போனாலும் ஏதாவது ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம் என்று மனசுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. மூட்டை தூக்கும் செல்வராசு மட்டும் நிம்மதியாக இருந்தான். "நல்லவேளைக்கா, மூட்டை தூக்குற கம்ப்யூட்டர் இன்னும் வரல."

மனப்பாடக் கல்வி

வீட்டிலேயே சிடி போட்டுக் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டதும் ஒருவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். வெளிநாட்டு வேலை, வீட்டிலிருந்தே வருமானம் என்று மூச்சுவிடாமல் பேசினார். எனக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயிர் எதுவென்று கேட்காமல் நாங்கள்கூட மருந்து கொடுக்க மாட்டோம்.

என் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே, சிடியை எதில் போட்டுப் படிப்பது என்று கேட்டேன். அதுவரை அது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. டையைச் சரிசெய்துகொண்டு சமாளித்துவிட்டார்: "மொதல்ல புக்கை மனப்பாடம் பண்ணிடுங்க மேடம், கம்ப்யூட்டரை அப்புறம் பார்த்துக்கலாம்."

இணைப்பு

எனக்கு வேண்டியது கணக்குப் படிப்பு ஒன்றுதான். அதைத் தனியாகத் தர முடியாது என்றார் டைக்காரர். படம் வரைவது, பொம்மைப்படம் செய்வது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டியாகத்தான் வாங்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்திக்கு ஒன்று தேவை என்று தெரிந்ததும் விலைபோகாத ஒன்பதை அதோடு கட்டிவிடுவது பகல்கொள்ளை இல்லையா? வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன்.

யூரியாவுக்காகக் காத்திருந்த கோவிந்தசாமி ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஊருக்கு மேற்கே குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். அவர் மூட்டையோடு, கம்பெனி எங்கள் தலையில் கட்டிய பயிர் டானிக் பாட்டில் ஒன்றும் வழக்கம்போல இருந்தது. இது இல்லாமல் அது கிடையாது என்பது கம்பெனி சட்டம். அவர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அந்தத் தம்பி இந்தக் கடையிலதான் தொழில் கத்திருக்கணும் தங்கச்சி."

ஏறாத பெயர்

புத்தகத்தை வைத்துக்கொண்டு, பூச்சிமருந்துக் காலண்டரின் பின்பக்கம் கீபோர்டு மாதிரி எழுத்துக் கட்டங்கள் வரைந்து விரலால் தட்டிப் பழகினேன். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தும் பயனில்லை. முதலாளி அதற்குச் சந்தனம் வைத்து, துண்டைப் போட்டு மூடி, கற்றுக்கொண்ட பிறகுதான் தொட வேண்டும் என்றுவிட்டார். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகச் சொன்னால் எரிச்சல் வராதா?

காலண்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கோவிந்தசாமி ஐயா மறுபடி வந்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. மெட்ராசில் இருக்கும் நிலத்துக்காரர் நிலத்தை விற்கப் பார்க்கிறாராம். இப்படி ஒரு குத்தகைக்காரரே கிடையாது என்று வக்கீலை வைத்துச் சொல்கிறாராம். தாலுகா ஆபீசில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, குத்தகைப் பதிவில் உன் பெயரே இல்லை போ என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா காலத்திலிருந்து உழுத மனுஷனை ஒரே தட்டலில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அவர் என் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "சீக்கிரம் படிச்சு முடிச்சு என் பேரை உள்ள ஏத்திவுடு தங்கச்சி."

உரக்கடை கம்ப்யூட்டருக்கும் தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் பில்

முதலாளி கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போனார். துண்டை எடுத்துவிட்டு, கணக்கு சிடியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பி வந்தபோது சரக்கு இருப்பு முழுவதையும் ஏற்றியிருந்தேன். திரையை மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆள் பேச்சு அதோடு நின்றது. சம்பளம் கூடும் என்று எதிர்பார்த்தது என் தப்பு. "இப்ப எல்லாத்தையும் அதுவே செய்யுதே, உனக்கு வேலை கம்மிதானே?" என்றார் மகராசன்.

ஒருவழியாக ஆற்றுக் கதவணைக்குத் தண்ணீர் வந்ததும் சம்பாவுக்கு முதலில் உரம் வாங்கினது கோவிந்தசாமி ஐயா. கையால் எழுதும்போது யாரும் பெயர் போடுவதில்லை, ரொக்கம் என்று எழுதிக் கிழித்துக் கொடுப்போம். கம்ப்யூட்டரோ பெயர் போடாமல் அடுத்த வரிக்கு நகராது. அவர் பெயரையும் ஊரையும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். திரையைத் திருப்பி, இங்கிலீஷில் இருந்த பெயரை விரல் வைத்துக் காட்டினேன். அதைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தார். "இந்த கம்ப்யூட்டர்லயாவது நான் இருக்கனே, தங்கச்சி."

மீதி சிடிகளை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் உழவே இல்லை என்று சர்க்கார் கம்ப்யூட்டர் சொல்கிற அந்த வயலில் அவை கயிற்றில் தொங்கிப் பளபளத்துக் குருவி விரட்டுகின்றன. நான் வாங்கிய படிப்பில் சொன்ன வேலையைக் குறையில்லாமல் செய்கிற பகுதி அதுதான்.