ஜோடிப்புறா விரிப்பு

கஞ்சியக்காவின் சலவைக்கடைக்குத் தொளதொளவென்று வரும் துணி விறைப்பாகத் திரும்பிப் போகும். அப்படி வந்த பெயர். ஆளும் விறைப்புதான். அன்று காலை மட்டும் நனைந்த துணியாய்த் துவண்டிருந்தாள்.

தலைவர் நடத்தும் குடும்பநெறி மாநாட்டு மேடைக்கு நாற்பது வெள்ளை விரிப்பு கேட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு தயார். மீதி இரண்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அவள் புருஷன் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது இரண்டிலும் பெட்டி வடிவத்தில் பழுப்புத் தழும்பு. வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. பழைய தகரப் பெட்டியின் அடியிலிருந்து இரண்டை உருவி, அவசரமாய்த் தேய்த்து, மடித்து ஏற்றிவிட்டாள். வண்டி தெருமுனை தாண்டிய பிறகுதான் பகீரென்றது.

மூலையில் சலவைக்குறி இருக்கிறதே!

எந்த இடத்துத் துணி என்று தெரிவதற்காக, எத்தனை வெளுத்தாலும் போகாத கறுப்பு மையில் அவளே போட்ட குறி. அந்த இரண்டிலும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஜோடிப்புறா, கீழே அறை எண். தலைவர் தலைவராவதற்கு முன் நடத்திய லாட்ஜின் அடையாளம். பன்னிரண்டு அறை, தினமும் சலவைக்கு வந்ததோ எழுபது விரிப்பு. கணக்கு வராதவர்களுக்குக்கூட இந்தக் கணக்கு புரியும். ஐம்பது தாண்டிய ஆண்கள் எல்லாருக்கும் லாட்ஜ் வாசலில் தொங்கிய அந்தப் புறாப் பலகை தெரியும். தெரியும் என்று சொன்னவர் ஒருவருமில்லை. தலைவரின் வாழ்க்கைக் குறிப்பிலோ, "இளமையில் பயணிகளுக்குச் சேவை செய்தார்" என்று ஒரே வரி.

அந்த லாட்ஜ் கட்டடத்தின் பின்கட்டில்தான் இன்றும் அக்காவின் கடை. குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. மாநாடு முடிந்ததும் தலைவர் கையெழுத்துப் போடுவார், வந்துவிடு என்று உதவியாளர் சொல்லியிருந்தார்.

"கையெழுத்துப் போடுற கையை நாமளே வெட்டிட்டோமே!" என்றாள்.

"நாமளா? பெட்டியைத் திறந்தது நீ."

"துணியைப் பொசுக்கிட்டு வாய் வேற பேசுறீங்களா?"

ஓட்டமும் நடையுமாக அரங்கத்துக்குப் போனாள். முன்வரிசை ஓரத்தில் இடம் கிடைத்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்து அம்மாள், "பாத்ரூம் பின்பக்கம் இருக்குதும்மா" என்று அன்பாகச் சொன்னாள்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. தலைவரின் மேசையிலேயே அந்த விரிப்பு. வலது மூலையில், ஜனத்தைப் பார்த்து, புறா இரண்டும் ஏழாம் எண்ணும். இன்னொரு விரிப்பில் குறி உள்பக்கம் மடிந்திருந்தது. அது ஒன்றாவது அடக்கமாக இருந்தது.

தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "கட்டிய மனைவி, கட்டிக்காத்த பழமை, இது ரெண்டும்தான் நம்ம அஸ்திவாரம்!" கைதட்டல். படம் பிடிப்பவர் ஒருவர் மேசையை நோக்கி நகர்ந்தார்.

அக்கா எழுந்துவிட்டாள். மேடைப்படியில் உதவியாளர் மறித்தார்.

"எங்க போறீங்க?"

"மேசை விரிப்பு சுருங்கியிருக்கு தம்பி. ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துடுறேன்."

"இப்பவா? பேசிட்டிருக்காரு!"

சலசலப்பில் தலைவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். அவள் கண் போன மூலையைப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை, நல்ல பயிற்சி. வலது கை மட்டும் மெல்ல இறங்கி, மூலையை மேலே மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாற்பது நிமிடம் அது எழவேயில்லை. ஒவ்வொரு முழக்கத்துக்கும் கூரையைக் குத்தும் கை அது. கையே வீசாமல் என்ன நிதானம், என்ன பக்குவம் என்று பின்வரிசைகள் உருகின.

கூட்டம் முடிந்ததும் அக்காவைப் பக்கத்து அறையில் நிறுத்தினார்கள். தலைவர் கதவைச் சாத்தினார்.

"அதெல்லாம் லாட்ஜை மூடின அன்னிக்கே கிழிச்சுப் போடச் சொன்னேன்ல?"

"நல்ல பருத்திங்க ஐயா. மனசு வரல."

"இன்னும் எத்தனை வச்சிருக்க?"

அந்த இரண்டுதான் கடைசி என்று சொல்ல வாயெடுத்தாள். மேசையில் குத்தகைப் பத்திரம் கிடந்தது. வாய் வேறொன்று சொன்னது.

"எண்ணிப் பாக்கலைங்க."

தலைவர் பேனாவைத் திறந்தார். மூன்று வருடம் என்றிருந்த இடத்தை அடித்துப் பத்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். "நாளைக்கு ஆள் வருவான். மிச்சத்தையெல்லாம் கொடுத்து அனுப்பிடணும். ஒண்ணுகூட விடாம."

வீடு வந்தவள் உட்காரவில்லை. வெறும் தகரப் பெட்டியை மூன்று தடவை திறந்து மூடினாள்.

"பத்து வருஷம் கிடைச்சுதே, அப்புறம் என்ன பரபரப்பு?" என்றார் புருஷன்.

"நாளைக்கு வர்றவன்கிட்ட உங்க தலையையா மடிச்சுக் கொடுப்பேன்?"

பரணிலிருந்து பழைய மைப்புட்டியை இறக்கினாள். மை அடியில் இறுகிக் கிடந்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கினாள். காலையில் பொசுங்கிய விரிப்பு இரண்டையும் தரையில் விரித்து, குச்சியை மையில் தோய்த்தாள்.

முதல் புறா சரியாக வந்தது. இரண்டாவதுக்குக் குச்சி வழுக்கியது. தலை கொஞ்சம் திரும்பி, வாசலைப் பார்ப்பதுபோல் நின்றது.