மாற்றிக்கொள்ள வந்தவர்

நம்பினால் நம்புங்கள். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். சரக்கை விற்க ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதில் விற்க ஒன்றுமில்லை. இது எனக்கே நடந்தது.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. என்னுடையது அவளுக்குச் சேரவில்லை. "நமக்குள்ள எதுதான் ஒத்துப்போச்சு, இது ஒத்துப்போக?" என்று சிரித்தாள். அப்போதுதான் அந்தப் பண்டமாற்று அமைந்தது. இன்னொரு குடும்பம். அங்கே தம்பிக்கு வேண்டும். அக்காவுடையது அவருக்குச் சேராது, என் மனைவிக்குச் சேரும். என்னுடையது அந்தத் தம்பிக்குச் சேரும். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆபரேஷன். முன்னே பின்னே செய்தால், வாங்கிக்கொண்ட ஆள் கையை விரித்துவிடலாமே! எங்கள் கடைத்தெருவே தோற்றது போங்கள். அதுவரை இரு தரப்பும் முகம் பார்க்கக் கூடாது என்பது விதி.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். என் மனைவி எதிர் வார்டில். எனக்குத் தனி அறை. கதவு எண்ணெயே காணாதது. திறந்தால் கிரீச்... என்று ஊரைக் கூட்டும்.

மணி ஆறு பத்து.

நிமிர்ந்தேன். கட்டில் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி உடுப்பு. வெறுங்கால்.

கதவு சத்தமே போடவில்லை.

"நீங்கதான் எனக்குக் கொடுக்கப்போறவரா?"

"பார்க்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, தம்பி."

அவர் மேஜை மேலிருந்த ஜக்கை எடுத்தார். மடக்... மடக்... முழுசும் குடித்தார்.

டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அளந்துதான். என் மனைவி ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு நாளை ஓட்டுகிறவள்.

"அய்யோ, அவ்வளவு குடிக்கலாமா?"

"இனிமே பரவாயில்ல."

அவர் இடது கையில், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த மேடு. என் மனைவிக்கும் உண்டு. தொட்டால் உள்ளே வண்டை அடைத்த மாதிரி உர்ர்... என்று அதிரும். தினமும் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தில் அவர் கையையும் தொட்டுவிட்டேன்.

அதிரவில்லை.

சில்லென்றிருந்தது.

"நாளை வரைக்கும் தாங்காது. இன்னிக்கே எடுத்துக்கட்டுமா?"

பயத்தில் நாக்கு பழகின வழியில் ஓடியது.

"தாராளமா."

கையையும் நீட்டிவிட்டேன்... எதை என்று கேட்கவில்லை. சரக்கைக் கேட்காமல் கை கொடுத்தவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருவன்தான்.

பிடித்தார்.

விடவில்லை...

மணி ஆறு இருபத்தைந்து. அறையில் யாருமில்லை. ஜக்கில் விளிம்பு வரை தண்ணீர்.

கதவைத் திறந்தேன். கிரீச்... என்றது.

எதிர் வார்டில் நர்ஸ் ஓடும் சத்தம். சட்... சட்... சட்...

பிறகு யாரும் ஓடவில்லை.

என்னை உள்ளே விட்டபோது அவள் கையைத்தான் தொட்டேன்.

அதிரவில்லை.

"இதயம் நின்னுபோச்சு" என்றார் டாக்டர்.

"நாளைக்குத்தானே டாக்டர் ஆபரேஷன்?" என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, இந்த மாற்று ஏற்பாட்டைக் கவனித்த அம்மாள் போன் செய்தார்.

"சார், அந்தத் தம்பிக்கும் அன்னிக்குச் சாயங்காலம் ஆறு பத்துக்கு இதயம் நின்னுடுச்சு. டாக்டருங்க கைவிட்டுட்டாங்க. கால் மணி கழிச்சு தானா துடிக்க ஆரம்பிச்சுது. இப்ப நல்லா இருக்காரு."

"சந்தோஷம்" என்றேன்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கிட்னிக்குத்தான் காத்திருக்காரு சார். உங்க ரூமுக்கு வந்தாராம், நீங்க சம்மதிச்சு கை கொடுத்தீங்களாம். அடிச்சுச் சொல்றாரு. எப்படி சார்? அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து தொண்டையில குழாயோட, நினைவே இல்லாம கிடந்தாரே..."