வா என்று சொல்லாத மார்லிஸ் அண்ணி

தட்டில் ஒரே ஒரு கேக் துண்டுதான் மிச்சம். மார்லிஸ் அண்ணி கத்தியை எடுத்து அதை இரண்டாக வெட்டுகிறார். ஒரு பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மறுபாதியைத் தட்டிலேயே விட்டுவிடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து வந்து அந்தப் பாதியையும் பாதியாக்குகிறார். அப்புறம் அதையும். சாயங்காலம் தட்டைக் கழுவப் போகும்போது சுண்டுவிரல் நகமளவு கேக் அதில் உட்கார்ந்திருக்கும். "இருக்கட்டும், யாருக்காவது வேணும்னு இருக்கும்" என்பார். கடைசித் துண்டைத் தின்றுவிட்டார் என்ற பெயர் இந்த அறுபத்தாறு வயது வரை அவருக்கு வந்ததில்லை.

என் அண்ணன் வெர்லினின் மனைவி. விஸ்கான்சினில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலை. அங்கே போய்ப் பார்த்தால் ஆளே வேறு. தலையில் வலைத்தொப்பி, கையில் பெரிய கரண்டி. தட்டை நீட்டுகிற பையன் "போதும்" என்று சொல்லிவிட்டால் போயிற்று. "என்னடா போதும்? காலைல ஏதாவது தின்னியா இல்லியா? நீட்டு தட்ட" என்று இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு மசியலைப் போட்டுவிடுவார். ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்காக அதட்டுவார், மிரட்டுவார், தலைமையாசிரியரோடு சண்டைக்கும் போவார். தனக்கென்று ஏதாவது வேண்டியிருந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு.

எங்கள் பக்கத்தில் யாருமே முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்ல மாட்டோம்தான். காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்போம். அட, குடிங்க என்றால் உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்போம். போட்டாச்சுங்க என்றால், அப்ப ஒரு அரைக் கோப்பை என்போம். குடிப்பது ஒன்றரை. கேட்பவருக்கும் இது தெரியும் என்பதால் காரியம் நடந்துவிடும். அண்ணியின் விஷயத்தில் அதுவும் நடக்காது. எத்தனை தடவை கேட்டாலும் "எனக்கு எதுவானாலும் சரி" என்ற இடத்திலேயே நின்றுவிடுவார். அவர் வாயிலிருந்து "ஆமாம்" என்று நான் கேட்டது கல்யாணத்தன்று தேவாலயத்தில் மட்டும்தான். அன்றைக்கும் பாதிரியார் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு குளிர்காலத்தில் தபால் பெட்டிக்குப் போகிற வழியில் ஐஸில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஏரிக்கரையில் புதிதாக வீடு வாங்கிக் குடிவந்திருந்த சிகாகோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஒண்ணும் அடி இல்லியே?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க" என்று பனியில் மல்லாந்தபடியே சொல்லியிருக்கிறார் அண்ணி. அவரும் சரியென்று போய்விட்டார். பாவம், சிகாகோக்காரர், வேறென்ன செய்வார்? அண்ணன் தேடிக்கொண்டு வருகிற வரைக்கும் அண்ணி அங்கேயேதான் கிடந்தார்.

"ஏன் அண்ணி, தூக்கி விடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"அவரு நல்ல கோட்டு போட்டிருந்தாரு ஜோலீன். எங்கயோ விசேஷத்துக்குப் போறாரு போல."

இந்தக் குணத்தால் மணிக்கட்டு மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. குடும்பமெல்லாம் கூடி வான்கோழி சாப்பிடுகிற நன்றித் திருநாளும் போயிற்று.

அண்ணிக்கு ஒரே மகன், கர்ட். நியூ ஜெர்சியில் வேலை, அங்கேயே கல்யாணம். மனைவி ரொசானா இத்தாலிய வம்சம். மனசில் என்ன இருக்கிறதோ அது அப்படியே வாயில் வரும் வீடு அவர்கள் வீடு. கிறிஸ்துமஸ் எப்போதும் பெண் வீட்டில், நவம்பரில் நன்றித் திருநாள் எங்கள் ஊரில் என்று ஆரம்பத்திலேயே வழக்கமாகிவிட்டது. ஆக, வருஷத்தில் அண்ணிக்கு மகன் என்று கிடைப்பது அந்த ஒரு விடுமுறைதான்.

நாலைந்து வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் கர்ட் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் அடுக்களையில் எதிரே உட்கார்ந்திருந்தேன், அவன் பேசுவது எனக்கும் கேட்டது. "அம்மா, இந்தத் தடவையும் வரட்டுமா?" என்றான். பக்கத்தில் ரொசானாவின் குரலும் கேட்டது.

"எதுக்குடா அவ்ளோ தூரம்? பனி வேற கொட்டும். புள்ளைய வெச்சுக்கிட்டு அலையாதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

சொல்லிவிட்டு அண்ணி காத்திருந்தார். "சும்மா இரும்மா, டிக்கெட் எடுத்தாச்சு" என்று அவன் சொல்வான் என்று. அவன் "சரிம்மா" என்றான். எங்கள் மண்ணில் பிறந்தவன்தான், அம்மாவின் 'வேண்டாம்' எதற்குச் சமம் என்று தெரிந்தவன்தான். ஆனால் வெளியூரில் ரொம்ப காலம் இருந்தால் காதும் அந்த ஊர்க் காதாகிவிடுகிறது. அண்ணி தொலைபேசியை வைத்தார். "அவனுக்கும் வேலை இருக்கும்ல" என்றார். பிறகு ஏற்கெனவே துடைத்த மேஜையை இன்னொரு தரம் துடைத்தார்.

அடுத்த வருஷம் அவன் கேட்கவில்லை. வரவேண்டாம் என்றுதானே அம்மா சொன்னார் என்று இருந்துவிட்டான். அவனுக்கு வசதிப்படவில்லை போல என்று அண்ணியும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அம்மாவும் மகனும் ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார்கள்.

போன வருஷம் வந்தார்கள். அந்த வருஷங்களில் பண்டிகைக்கு அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ரொசானாவின் அம்மா தன் தங்கையோடு கப்பல் பயணம் போய்விட்டார், அதனால். அண்ணி ஊரில் எல்லோரிடமும் "விசேஷமா ஒண்ணுமில்ல, இருக்கறத வெச்சு ஏதோ சமைக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரைச்சீலை எல்லாம் துவைத்தாயிற்று. குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டடை அடித்தாயிற்று. உருளைக்கிழங்கை மசித்துத் தேய்த்துச் சுடுகிற லெஃப்சா ரொட்டி, கர்ட்டுக்கு உயிர். அதை அடுக்கடுக்காகச் சுட்டுத் துணியில் சுற்றி வைத்தாயிற்று. வான்கோழி வாங்கியதைப் பார்த்து நான், "அண்ணி, இது கோழியா, கன்னுக்குட்டியா?" என்றேன். "கடைல சின்னது இல்ல" என்றார். இருந்தது. எனக்குத் தெரியும், நானும் அதே கடையில்தான் வாங்கினேன்.

பண்டிகையன்று காலையில் அண்ணன் வழக்கம்போல் மான் வேட்டைக்குப் போய்விட்டார். அந்த வாரத்தில் எங்கள் ஊர் ஆண்களைக் காட்டில் தேடினால்தான் கிடைப்பார்கள். மத்தியானம் வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிறச் சட்டையோடு திரும்பி வந்தபோது வண்டிக் கொட்டகையில் ஒரு மான் தலைகீழாகத் தொங்கியது. கர்ட்டின் ஆறு வயது மகள் நினா அண்ணாந்து பார்த்து, "தாத்தா, அது தூங்குதா?" என்றாள்.

"ஆமா கண்ணு. நல்ல தூக்கம்" என்றார் அண்ணன். ரொசானா வந்து கொட்டகைக் கதவைச் சாத்தினாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆளுக்கொரு நன்றி சொல்வது வழக்கம். ரொசானா நீளமாகச் சொன்னாள், நடுவில் கண்ணும் கலங்கினாள். கர்ட் குடும்பத்துக்கு நன்றி என்றான். நினா மானுக்கு நன்றி சொன்னாள். அண்ணியின் முறை வந்தது. மூன்று வருஷம் கழித்து மகன் பக்கத்து நாற்காலியில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறான். அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த வாரம் வானிலை பரவால்ல. அதுக்குத்தான்" என்றார். "எனக்கும் அதே" என்று அண்ணன் முள்கரண்டியை எடுத்தார்.

பாதிச் சாப்பாட்டில் ரொசானா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நேராவே கேட்டுடறேன். இனிமே இந்தப் பண்டிகைக்கும் எங்களைத் தன் வீட்டுக்கே வந்துடச் சொல்றாங்க எங்கம்மா. ஒவ்வொரு வருஷமும் இழுபறி வேணாம், ஒரேடியா முடிவு பண்ணுங்கங்கறாங்க. நாங்க இங்க வரணுமா, வேணாமா? உங்களுக்கு என்ன ஆசை?"

மேஜையில் எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினோம். வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்று கூப்பிடுகிற கேள்வி. அண்ணி ஒரு "வாங்க" சொன்னால் போதும்.

"உங்களுக்கு எது தோதோ அப்படிச் செய்யுங்க" என்றார் அண்ணி. "எனக்கு எதுவானாலும் சரி."

மேஜைக்கடியில் எட்டி உதைத்தேன். "ஆ! யாரது?" என்றார் அண்ணன். கர்ட் மசியலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். "அப்ப சரி, அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றாள் ரொசானா, முகம் சுருங்கி. அண்ணி எழுந்து குழம்பு கொண்டுவர உள்ளே போனார். மேஜையில் கிண்ணம் நிறையக் குழம்பு இருந்தது. இன்னொரு கிண்ணத்தோடு வந்தார்.

பாத்திரம் தேய்க்கும்போது ரொசானாவைப் பிடித்துக்கொண்டேன். "அவங்களுக்கு ஆசைதான்மா. நீங்க வர்லன்னா உடைஞ்சு போயிடுவாங்க."

"அத நீங்க ஏன் சொல்றீங்க?" என்றாள் அவள். கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில் சொன்னாள். "வரவேணாம்னு அன்னைக்குச் சொன்னது அவங்க வாய்தானே? நான் பக்கத்துலதான் இருந்தேன். மூணு வருஷமா நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சிட்டிருக்கேன். என்னைப் பிடிச்சிருந்தா அவங்களே காட்டட்டும்."

அவள் சொன்னதில் என்ன பிழை? நேரே சாமான் அறைக்குப் போனேன். அண்ணி மிச்சச் சாப்பாட்டைக் காலி வெண்ணெய் டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தப் பொண்ணு உங்களுக்கு அவளைப் பிடிக்கலன்னு நினைச்சிட்டிருக்கு."

கை நின்றது. "ஐயோ, யாரு சொன்னா? தங்கமான பொண்ணாச்சே."

"அத எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? போய் 'வாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே."

"அதெப்படி ஜோலீன்… அவங்க அம்மாவும் பெத்தவதானே? நான் வான்னு சொன்னா கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும். அப்புறம் அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது பாரு."

"முடியாதுன்னு சொல்லக்கூடாதுன்னுதானே சொல்லச் சொல்றேன்!"

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அண்ணி டப்பா மூடியை அமுக்கி, அமுக்கி, அது மூடிக்கொண்ட பிறகும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அவர்கள் கிளம்பினார்கள். எங்கள் ஊரில் கிளம்புவது என்றால் சும்மா இல்லை. முதலில் தொடையில் தட்டி "சரி…" என்று எழுந்திருக்க வேண்டும். அங்கே நின்று ஒரு பேச்சு. செருப்பு கழற்றும் அறையில் ஒரு பேச்சு. கோட்டு மாட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க, ஒரு பேச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் அண்ணி உள்ளே போய் ஒரு டப்பா கொண்டுவந்தார். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றான் கர்ட். "விமான நிலையம் வரைக்கும் தின்னுக்கிட்டே போங்க" என்றார். காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி ஒரு பேச்சு. ஓட்டுவது ரொசானா. அண்ணன் கார் கூரையில் இரண்டு தட்டு தட்டினார். "மான் குறுக்க வரும். பாத்துப் போங்க." அதுதான் எங்கள் ஊரில் கடைசி வார்த்தை, அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ரொசானா ரிவர்ஸ் போட்டாள். கார் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்து அப்படியே நின்றது. ஏனென்று எட்டிப் பார்த்தேன். காருக்குப் பின்னால், பாதையின் நட்டநடுவில், வீட்டுச் செருப்போடு பனியில் அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

கர்ட் தலையை வெளியே நீட்டினான். "என்னம்மா? ஏதாவது மறந்துட்டமா?"

"இல்லடா. கெளம்புங்க, நேரமாச்சு."

"அம்மா, பின்னாடி நிக்கறீங்க."

"தெரியுது, தெரியுது. நீங்க கெளம்புங்க."

நகரவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, உப்பும் சேறும் படிந்திருந்த டிக்கி மூடியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். காரின் பீப் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

ரொசானா பின்கண்ணாடியில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இன்ஜினை அணைத்தாள்.

"கர்ட்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்கம்மாவுக்கு நான் ஃபோன் பண்ணிக்கறேன். அடுத்த வருஷம் நாம இங்கதான்."

அண்ணி கையை எடுத்தார். மூடியில் பத்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. ஏப்ரன் நுனியைப் பிடித்து அந்த இடத்தை மட்டும் பளிச்சென்று துடைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.